கை தூக்கச் சொன்ன வகுப்பு

தத்துவம் கற்பிக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பாடத்திட்டம், வருகைப் பதிவு, விடைத்தாள் திருத்துவது எல்லாம் உங்களுக்கு அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பை. அதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நம் தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாராலும் அப்படி ஒரு தப்பைச் செய்யவே முடியாது.

முப்பத்தோரு வருஷம் காரைக்காலில் மெய்ப்பொருளியல் எடுத்தேன். எது உண்மையாக இருக்கிறது, 'நான்' என்பது என்ன, நேற்று இருந்த ஆளும் இன்று இருக்கிற ஆளும் ஒருவர்தானா என்று கேட்கிற பாடம். சுருக்கமாகச் சொன்னால், இந்த மேசை நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டுச் சம்பளம் வாங்கினவள் நான். தலத்தெருவில் எங்கள் அண்டை வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "டீச்சரம்மா, நம்ம வண்டி வாசல்ல நிக்கிதா இல்ல எனக்குத்தான் அப்புடித் தெரியுதா, செத்த பாத்துச் சொல்லுங்க" என்பார். நானும் சலிக்காமல், "பெட்ரோல் போடுறது நீங்கதானே, அப்ப நிக்கிது" என்பேன்.

வார நாட்களில் கல்லூரிப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தவர்களுக்கு நேர்முக வகுப்பு. காலையில் மாதா கோயிலில் பூசை முடித்துவிட்டு நேராக வகுப்புக்குப் போவேன். வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற பெரியவர்கள். அங்கன்வாடியில் இருப்பவர்கள், துறைமுகத்தில் இருப்பவர்கள், பிள்ளைகளை வளர்த்துவிட்டு இப்போதுதான் மூச்சு விடுகிற பெண்கள். பட்டம் இருந்தால் பதவி உயர்வு கிடைக்கும், அல்லது ஒரு வேலையாவது கிடைக்கும் என்று வருவார்கள். ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீர்கள் என்று முதல் நாள் கேட்பேன். ஒரு வருஷம் ஒரு அம்மா எழுந்து, "இதுல என்னா எழுதுனாலும் தப்புன்னு சொல்ல முடியாதாமே மேடம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். உண்மையில் அது நல்ல பதில்தான்.

இவர்களைத் தூங்க விடாமல் வைத்திருக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஒரு புதிரைச் சொல்லி, இரண்டு பதிலைப் பலகையில் எழுதி, கை தூக்கச் சொல்வேன். எண்ணிப் பலகையில் எழுதுவேன். உடனே சண்டை ஆரம்பித்துவிடும், வகுப்பு சூடு பிடிக்கும். ஒரு மரப்படகில் வருஷத்துக்கு ஒரு பலகையாக மாற்றி, கடைசியில் பழைய பலகை ஒன்றுகூட இல்லை என்றால் அது அதே படகா, வேறு படகா? இதுதான் என் முதல் புதிர். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த செல்வி, அங்கன்வாடி ஊழியர், படகு வைத்திருக்கிற வீட்டுப் பெண், கையைத் தூக்காமலே பதில் சொன்னாள். "எங்க போட்டெல்லாம் ஃபைபரு மேடம், பலகையே கெடையாது. அப்புடியே மாத்துனாலும் மீன்வளத்துறை ஆபீஸ்ல நம்பரு அதேதான். நம்பரு அதேன்னா போட்டும் அதேதான்." வகுப்பு கைதட்டியது. பல நூற்றாண்டாகத் தீராத சிக்கலை மீன்வளத்துறை தீர்த்துவைத்துவிட்டது.

எங்கள் துறைத்தலைவர் ஒருவர் இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்ததும், "நல்லா எடுக்கிறீங்கம்மா. கை தூக்கச் சொல்றத மட்டும் விட்டுடுங்க. கை தூக்கினவன் அத்தோட யோசிக்கிறத நிறுத்திடுவான்" என்றார். மனிதருக்கு வயதாகிவிட்டது, வகுப்பு கலகலப்பாக இருந்தால் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் கை தூக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். இருபத்து மூன்று பேர் கொண்ட ஞாயிறு வகுப்பு. அதில் ஜெய்னம்பு என்று ஒரு பெண், முப்பத்தெட்டு முப்பத்தொன்பது வயது இருக்கும். படகுக்குப் பதில் சொன்ன செல்வியும் அதே வகுப்புதான்; அவளுக்குப் பக்கத்தில் உட்காருவாள். கணவர் வளைகுடாவில் இருந்தவர், இப்போது ஊரோடு வந்துவிட்டார் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். குறிப்பெடுப்பாள், பேச மாட்டாள். 'சுயம்' என்ற அத்தியாயத்தை ஆரம்பித்த அன்று முதல் தடவையாகக் கையை உயர்த்தினாள்.

"மேடம், ஒருத்தவங்க ஒரு தப்பு செஞ்சிட்டாங்க. அதுக்கப்பறம் தலையில அடிபட்டு எல்லாம் மறந்துபோச்சு. இப்ப அந்தத் தப்பு அவுங்களோடதா?"

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! முப்பது வருஷமாக நானே உதாரணம் கண்டுபிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு மாணவி பாடத்தின் நடு நரம்பைத் தானாகத் தொட்டுவிட்டாள். பலகையில் இரண்டு வட்டம் போட்டேன். அடிபடுவதற்கு முன் இருந்தவர் 'அ'. பின்னால் இருப்பவர் 'ஆ'. "ஆ-வுக்கு மனைவியை அடையாளம் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெற்ற பிள்ளையைப் பற்றி நினைவில்லை. குணம் எப்படி?" என்று அவளையே கேட்டேன்.

"முன்ன ரொம்பக் கோவம் மேடம். இப்ப கோவமே கெடையாது. ஒரு கிளாஸ் எடுக்கறதுன்னாகூட எடுத்துக்கலாங்களான்னு கேட்டுட்டுத்தான்..." என்று நிறுத்திவிட்டாள்.

கற்பனையாகக் கேட்கிறவர்கள் கிளாஸ் வரைக்கும் போக மாட்டார்கள். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கு அப்போது இரண்டு வட்டங்கள்தான் கண்ணில் இருந்தன. நினைவுதான் சுயம் என்கிற கொள்கையை விளக்கினேன். என் நினைவு எதுவரை நீள்கிறதோ அதுவரைதான் நான்; நினைவு அறுந்த இடத்தில் நானும் அறுந்துபோகிறேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். விளக்கிவிட்டு, "சரி, அ-வும் ஆ-வும் ஒரே ஆள் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். மூன்று கைகள். "ஒரே ஆள் இல்லை என்பவர்கள்?" பத்தொன்பது கைகள். செல்வியின் கையும் அதில் இருந்தது. ஜெய்னம்பு மட்டும் தூக்கவில்லை. திரும்பித் திரும்பிக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் 3, 19 என்று எழுதினேன். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. உடல்தான் சுயம் என்பவர்கள், ஆன்மா என்பவர்கள், சுயம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பவர்கள் எல்லாம் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு ஜெய்னம்பு வரவில்லை. வகுப்பைத் தொடங்கப் போகும்போது செல்வி எழுந்து என் மேசையருகே வந்தாள். முகம் சரியில்லை.

"மேடம், போன வாரம் அது ஜெய்னம்பு வூட்டுக் கதை மேடம். எனக்கே நேத்து போன் பண்ணுனப்பதான் தெரியும்."

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். கணவர் பெயர் தாவூது. வளைகுடாவில் கட்டட வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் இவர்களுடைய ஒரே மகன், ஒன்பது வயதுப் பையன், காய்ச்சலில் போய்விட்டான். தாவூது அடக்கத்துக்கு வரவில்லை. அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள், வந்திருக்கவும் முடியாது. ஆனால் நாற்பதாம் நாளுக்கும் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவள் போனில் கேட்கும்போதெல்லாம், "நேர்ல வந்து சொல்றேன்" என்பாராம். மூன்று வருஷமும் அதே பதில். அப்புறம் வேலை செய்யும் இடத்தில் சாரம் சரிந்து தலையில் அடி. எட்டு மாதத்துக்கு முன்னால் கூட்டி வந்து விட்டார்கள். ஆள் நேரில் வந்துவிட்டார், நினைவு வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிகிறது, தொழுகை தெரிகிறது, பீரோவில் சட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எடுத்துக்கொள்கிறார். மனைவி யாரென்று தெரியாது.

"நாகூர்ல அவரோட அக்கா இருக்காங்களாம். நானே வச்சுக்கிறேன், அனுப்பிடுன்னு ரொம்ப நாளாக் கேட்டாங்களாம். இவ முடியாதுன்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. போன வாரம் சரின்னுட்டாளாம். இன்னைக்கு மத்தியானம் ளுஹர் தொழுதுட்டுக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்." செல்வி குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி திடீர்னுன்னு கேட்டேன் மேடம். அதான் மேடம் வகுப்புலயே முடிவாயிடுச்சேங்கறா."

எனக்கு உடம்பு கூசியது. முப்பது வருஷத்தில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், கேள்விகளுக்குத் தடுமாறியிருக்கிறேன். அதெல்லாம் வெட்கமே இல்லை. ஒரு பெண் தன் புருஷனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கிறாள். நான் அவருக்கு 'ஆ' என்று பெயர் வைத்து, ஓட்டுக்கு விட்டு, தோற்கடித்து அனுப்பியிருக்கிறேன். அதுவும் பாடத்தில் கால்வாசியை மட்டும் எடுத்துவிட்டு.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். மற்ற பாடங்களில் மாணவர் கேட்கிற கேள்வி பாடத்திலிருந்து வரும். நம் பாடத்தில் பாதி நேரம் வீட்டிலிருந்து வரும். பாடத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வருவதால் நமக்கு அடையாளம் தெரியாது. கேள்வி எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கையாக இருங்கள். கேட்டவர் முகத்தை ஒரு தரம் பாருங்கள். வகுப்பு முடிந்து தனியாக ஒரு வார்த்தை விசாரியுங்கள். நான் செய்யாததைத்தான் சொல்கிறேன்.

அன்று என்ன செய்வது என்று யோசிக்க அதிக நேரம் இல்லை. தேர்வுக்கு முந்தைய வகுப்பு. இருபத்தோரு பேர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவி வீட்டு விஷயத்தில் ஆசிரியை போய்த் தலையிடுவது முறையா என்றும் ஒரு குரல் உள்ளே கேட்டது. அந்தக் குரல் ரொம்ப நியாயமாகப் பேசியது. போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம் அதில் தெரிந்ததால் நான் அதை நம்பவில்லை. வகுப்பைப் படித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, செல்வியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். ஐம்பத்தொன்பது வயதில், சேலையை இடுக்கிக்கொண்டு. "கெட்டியாப் புடிச்சுக்குங்க மேடம், நீங்க இருக்கீங்களான்னே தெரியல" என்றாள் செல்வி. அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தெருவில் வீடு. கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஒரு பையில் துணிகள் அடுக்கித் தயாராக இருந்தன. இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், டாக்டர் வீட்டில் டோக்கனுக்குக் காத்திருப்பவர் மாதிரி. எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அப்புறம் ஜெய்னம்புவைப் பார்த்து, "இவுங்களுக்குத் தண்ணி எடுத்துட்டு வரலாங்களா?" என்று கேட்டார். கட்டிலில் வயதான ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தாவூதின் அக்கா.

"நீங்கதானா அந்த டீச்சரு?" என்றார். "எந்தம்பி எந்தம்பியே இல்லேன்னு ஓட்டுப் போட்டியளாமே."

"நானுந்தாம்மா கை தூக்குனேன்" என்றாள் செல்வி, நான் வாயைத் திறப்பதற்குள்.

"நல்லாத் தூக்குனிய. இந்தா, இங்க வந்து பாருங்க." அந்த அம்மா எழுந்து தம்பியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். தாடைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. "அஞ்சு வயசுல நாந்தான் படியிலேர்ந்து தள்ளிவுட்டேன். வாப்பாகிட்ட அடி வாங்குனேன். எனக்கு ஒரு வகுப்பும் வேணாம். இது எந்தம்பி. நான் கூட்டிட்டுப் போறேன்." தாவூது அக்காவின் கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். தழும்பைப் பற்றி அவருக்கும் எங்களைப் போலக் கேள்விப்பட்டதுதான்.

ஜெய்னம்பு அடுக்களை வாசலில் நின்றாள். "லாத்தாவுக்குத் தம்பி வேணும், கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு வேண்டிய ஆளு வரல மேடம்" என்றாள். லாத்தா என்றால் அக்கா. கணவரின் அக்காவை அப்படித்தான் அவள் கூப்பிடுவாள். "நான் மூணு வருஷமா ஒரு ஆளுகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு உக்காந்திருந்தேன். வந்தது வேற ஆளு. நல்ல ஆளுதான். ஒரு சுடுசொல்லு கெடையாது. அதுவே எனக்குத் தாங்கல. நல்ல மனுசனப் பாத்து எப்புடிக் கேக்குறது? பள்ளிவாசல் ஹஜரத்துகிட்ட கேட்டேன், நிக்காஹ் நிக்கிதும்மா, பொறுமையா இருன்னாங்க. நான் நிக்காஹ கேக்கல மேடம், ஆளக் கேட்டேன். ஒங்க வகுப்புலதான் பதிலு கெடச்சுது." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இப்பவும் சொல்லுங்க. படிச்சவங்க நீங்க. இவுங்க அவுங்கதானா, இல்லையா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நாலாவதாகத் தாவூதும் பார்த்தார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஆமாம், அவரேதான் என்று அடித்துச் சொல்லலாம். நான் சொன்னால் அவள் நம்புவாள், பை திரும்ப உள்ளே போகும், நான் செய்த கோளாறும் சரியாகிவிடும். அல்லது அடுத்த அத்தியாயத்தை அங்கேயே எடுக்கலாம். அது என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தாடைத் தழும்பைப் பார்த்ததும் உடல் கொள்கைக்கு என்ன அருமையான உதாரணம் என்று மனதின் ஒரு மூலை குறித்துக்கொண்டதையும் மறைக்கப் போவதில்லை. இந்தத் தொழில் ஆளை அப்படி ஆக்கிவிடும். உங்களையும் ஆக்கும்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

ஒரு மாணவியிடம் அந்த வார்த்தையை நான் அப்படிச் சொன்னதே இல்லை. 'இதற்குப் பல பதில்கள் உள்ளன' என்போம் இல்லையா, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபம். "போன வாரம் நான் எடுத்தது அரைகுறைப் பாடம். முழுசா எடுத்திருந்தாலும் இதுக்குப் பதில் தெரிஞ்சிருக்காது. அந்தப் பத்தொன்பது கைக்கும் ஒங்க வீட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. தூக்கச் சொன்ன எனக்கும் தெரியாது. அதுக்கு என்னை மன்னிச்சிடுங்க. அத வச்சு அனுப்பாதீங்க. அனுப்பணும்னு ஒங்களுக்கே தோணுனா அனுப்புங்க, நான் குறுக்க நிக்கல. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்தக் கேள்விய இவருகிட்ட கேட்டுப் பாத்தீங்களா?"

"ஞாபகமில்லாதவங்கள என்னான்னு கேக்குறது?"

"கேக்கலையா?"

அவள் தலையை ஆட்டினாள். எட்டு மாதம் ஒரே கூரைக்குக் கீழே, கேட்கவில்லை.

செல்வி ஏதோ சொல்ல வந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஜெய்னம்பு அடுக்களை வாசலை விட்டு வெளியே வந்து தாவூதுக்கு எதிரே நின்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மவன் மவுத்தானப்ப ஏன் வரல?"

தாவூது நிஜமாகவே தேடினார். தொலைத்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி முகம் அங்கும் இங்கும் போய் வந்தது. "எனக்குத் தெரியலங்க" என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"ஆனா வராதது நாந்தானே?" என்றார் அவர். "மவன் ஒருத்தன் இருந்தான்னு லாத்தா சொன்னாங்க. அப்ப நாந்தானே வந்திருக்கணும். வேற யாரு வருவாங்க? நான் ஏன் வரலேன்னு எனக்குத் தெரியல. வராதது நான் இல்லேன்னு சொல்லவும் எனக்குத் தெரியல. நீங்க நாந்தான்னு வச்சுக்கிட்டுக் கேளுங்க. கேக்கறதுக்கு ஒங்களுக்கு ஒரு ஆளு வேணுமில்ல."

அப்போதுதான் அவள் உடைந்தாள். நாலு வருஷத்துக் கோபம். "அஞ்சு நாளு காச்ச! ஆஸ்பத்திரியில ஊசி குத்தக் குத்த வாப்பாவுக்கு போன் போடுன்னான். வாப்பா பிளைட்டு ஏறிட்டாங்கன்னு பொய் சொன்னேன். என் வாயால பொய் சொன்னேன்! கதவு தொறக்குறப்பல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தான். நாப்பதாம் நாளு தெருவே வந்து சாப்புட்டுப் போச்சு, எல்லாரும் எங்க ஒம்மச்சான்னு கேட்டாங்க. நேர்ல வந்து சொல்றேன், நேர்ல வந்து சொல்றேன்னு மூணு வருசம் சொன்னீங்களே, வந்து சொல்லுங்க! சொல்லுங்க!" தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அக்கா எழுந்து வந்து அவளைப் பிடிக்கப் போனார்; தாவூது கையைக் காட்டித் தடுத்தார். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்று கேட்டார். தலையைக் குனியவும் இல்லை, இடையில் பேசவும் இல்லை. அவ்வளவு நேரம் ஒருவர் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அவள் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவரும் எதிரே உட்கார்ந்தார். "அவன் பேரு என்னங்க?" என்று கேட்டார்.

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஹாரிஸ்."

"ஹாரிஸ்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "எங்க வச்சிருக்கு?"

"கபர்ஸ்தான்லதான். எந்த எடம்னு எனக்குத் தெரியாது." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாங்க பொம்பளைங்க உள்ள போறதில்ல. எங்கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் மலேசியாவுல. தெரு ஆளுங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. அன்னைக்கு வச்சுட்டு வந்ததோட சரி. நாலு வருசமா எம்புள்ள பக்கத்துல ஒருத்தரும் போயி நின்னதில்ல."

தாவூது எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த தொப்பியைப் பார்த்தார், வழக்கம்போல அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டார். "வழி காட்டுறீங்களா?" என்றார்.

"வாசல் வரைக்கும் வாரேன்" என்றாள் ஜெய்னம்பு.

பத்து நிமிஷ நடைதான். அவர் முன்னால் போனார், திருப்பங்களில் நின்று அவள் சொல்வதற்குக் காத்திருந்தார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். செல்வி ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெயில் உச்சியில் இருந்தது. பள்ளியில் பாங்கு சொன்னார்கள். நான் அங்கே ஆசிரியையாக இல்லை.

இரும்பு கேட்டுக்குள்ளிருந்து காவல்காரர் எழுந்து வந்தார். வயதானவர், எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாவூதிடம் கேட்டார். "யாரப் பாக்கணும்?"

"ஹாரிஸ். ஒம்போது வயசுப் புள்ள. நாலு வருசம் ஆவுது."

"சின்னப் புள்ளைங்க எல்லாம் அந்தக் கோடியில. காட்டுறேன்." கேட்டைத் திறக்கக் கை வைத்தவர் நின்றார். ஊர் ஆட்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும் போல. "ஒங்கள இதுக்கு முன்னாடி இங்க பாத்ததில்லையே. நீங்க அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்?"

தாவூது திரும்பி யாரையும் பார்க்கவில்லை.

"வாப்பா" என்றார்.

காவல்காரர் நம்பாமல் எங்கள் பக்கம் பார்த்தார். ஜெய்னம்பு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆமா" என்றாள்.